சக்கரத்தின் மேல் ஒரு மாளிகை

தேனியிலிருந்து கம்பத்துக்குச் செல்லும் நெடுஞ்சாலையில் ஒரு முறையாவது பிரயாணம் செய்யாதவர்கள், தமிழ்நாட்டின் அழகில் ஒரு பெரிய பங்கைப் பார்க்காமலே விட்டவர்கள் என்று நாம் துணிந்து சொல்லுவோம். மேற்கே ஒரு மலைத்தொடர். கிழக்கே மற்றொரு மலைத்தொடர். இரண்டுக்கும் நடுவே நெல்வயல்களும் வாழைத் தோட்டங்களும் தென்னஞ்சோலைகளும் திராட்சைப் பந்தல்களும் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு கிடக்கின்றன. இந்தப் பசுமைக்குப் பெருங்காரணம் 1895-ஆம் ஆண்டில் கட்டி முடிக்கப்பட்ட பெரியாற்று அணை. மேற்குக் கடலை நோக்கி ஓடிக்கொண்டிருந்த ஆற்றை மறித்து, மலையைக் குடைந்து, தண்ணீரைக் கிழக்கே திருப்பிவிட்டார்கள். அன்று முதல் கம்பம் பள்ளத்தாக்கு தன் வறுமையை மறந்தது.

இந்தப் பள்ளத்தாக்கின் உட்பகுதிக்கு ரயில் வருவதில்லை. மதுரையிலிருந்து புறப்படும் ரயில் வண்டி தேனியை எட்டிப் பார்த்துவிட்டு, மேற்கே போடிநாயக்கனூருக்குத் திரும்பிவிடுகிறது. ஆகையால் வீரபாண்டியைத் தாண்டித் தெற்கே செல்ல விரும்புகிறவர்கள் சாலையில் ஓடும் சக்கரத்தையே நம்ப வேண்டும். அப்படி நம்பிச் சென்றால், தேனியிலிருந்து சுமார் 25 கிலோ மீட்டரில் சின்னமனூர் வந்து சேரும்.

சரித்திரம் படித்தவர்களுக்குச் சின்னமனூர் என்றவுடனே செப்பேடுகள் நினைவுக்கு வரும். பாண்டியர் வரலாற்றுக்கு ஆதாரமான அந்தச் செப்பேடுகளில் பெரியது, பத்தாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆண்ட இராஜசிம்ம பாண்டியன் காலத்தது. மதுரையிலே சங்கம் வைத்ததையும், மகாபாரதத்தைத் தமிழ்ப்படுத்தியதையும் அது கூறுகிறது. இயற்கைக் காட்சியில் விருப்பமுள்ளவர்களுக்கோ, சின்னமனூர் என்பது மேகமலைக்கு ஏறும் வாசல். அந்த மலைச் சாலையில் 18 கொண்டை ஊசி வளைவுகள் இருக்கின்றன. ஆனால் நாம் இந்த ஊரில் இறங்கியது செப்பேட்டுக்காகவும் அல்ல, மேகமலைக்காகவும் அல்ல. இவ்வூரில் சக்கரத்தின் மேல் ஒரு மாளிகை இருக்கிறது. அதைப் பார்க்கவே இறங்கினோம். அதைப் பற்றிச் சொல்லுவதற்கு முன், இக்காலத்து மாளிகை ஒன்றைப் பற்றிச் சிறிது சொல்லியாக வேண்டும்.

மோட்டார் வீடு

குமுளி வழியாகத் தேக்கடிக்குப் போகும் உல்லாசப் பிரயாணிகளில் சிலர் இப்போது 'கேரவன்' என்னும் மோட்டார் வீட்டைப் பற்றிப் பேசத் தொடங்கியிருக்கிறார்கள். மலைக்கு அப்பாலுள்ள கேரள அரசாங்கம், 2021-ஆம் ஆண்டில் இத்தகைய வண்டிகளுக்கென்றே ஒரு சுற்றுலாத் திட்டத்தை வெளியிட்டது. வண்டிக்குள்ளேயே கட்டில், சமையலறை, குளிக்கும் அறை, குளிர்ப்பெட்டி எல்லாம் இருக்கும். மாலையில் எந்த இடம் மனத்துக்குப் பிடிக்கிறதோ, அந்த இடத்தில் குடித்தனம்!

கேட்பதற்கு ஆனந்தமாய் இருக்கிறது. புது வண்டியாய் இருக்கும் வரையில் ஆனந்தந்தான். வயதான மோட்டார் வீட்டை வைத்திருப்பவரைக் கேட்டால்தான் மற்ற விவரங்கள் தெரியும். வீட்டுக்கு வரும் நோய்களும் வண்டிக்கு வரும் நோய்களும் ஒருங்கே வந்து சேரும் பொருள் அது. வீடாயிருப்பதால் கூரை ஒழுகும். வண்டியாயிருப்பதால் அச்சு தேயும். வீடு ஆட்டம் காண்பதில்லை. இதுவோ, ஓடும் ஒவ்வொரு மைலிலும் சிறு பூகம்பத்தை அனுபவிக்கிறது.

அமெரிக்காவில் ஜெனரல் மோட்டார்ஸ் கம்பெனியார் 1973 முதல் 1978 வரை மிகவும் சொகுசான மோட்டார் வீடு ஒன்றைச் செய்து விற்றார்கள். எஞ்சினின் விசை முன் சக்கரங்களுக்கே சென்றபடியால், தரைக்கு அடியில் நீண்ட தண்டு எதுவும் வேண்டியிருக்கவில்லை. வண்டியின் தளம் தாழ்வாகவும் அழகாகவும் அமைந்தது. பின்புறத்தைத் தாங்கியவை காற்றுப் பைகள். சுமார் 13,000 வண்டிகள் வெளிவந்த பிறகு கம்பெனியார் அந்தத் தொழிலையே நிறுத்திவிட்டார்கள். அத்துடன் அந்த வண்டிகளின் கதையும் முடிந்திருக்க வேண்டும். முடியவில்லை! சொந்தக்காரர்கள் சங்கம் சேர்ந்தார்கள். கிடைக்காத உதிரிப் பாகங்களைத் தாங்களே செய்வித்தார்கள். பழுது பார்க்கும் வித்தையை ஒருவருக்கொருவர் கற்றுக்கொடுத்தார்கள். செய்தவர் கைவிட்ட வண்டியை, வைத்திருந்தவர்கள் காப்பாற்றினார்கள்.

நமக்கு அருகிலும் ஓர் உதாரணம் உண்டு. 1982-ஆம் ஆண்டில் ஆந்திர தேசத்து நடிகர் என். டி. ராமராவ் கட்சி தொடங்கி ஊர் ஊராகப் புறப்பட்டபோது, ஒரு பழைய செவர்லே வண்டியைப் புதுப்பித்து அதையே மேடையாகவும் வீடாகவும் ஆக்கிக்கொண்டார். அதற்கு அவர் இட்ட பெயர் 'சைதன்ய ரதம்'. மோட்டார் வண்டிக்கு ரதம் என்று பெயர் வைக்க நம் நாட்டவருக்கு யாரும் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை. ஏனென்றால், சக்கரத்தின் மேல் ஓடும் சொகுசு வீடு நமக்குப் புதிது அல்ல.

ஊருக்கு ஒரு வீடு

சின்னமனூரில் பூலாநந்தீஸ்வரரும் சிவகாமி அம்மனும் கோயில் கொண்டிருக்கிறார்கள். சித்திரைத் திருவிழாவில் தேரோட்டம். ஸ்வாமி தம்முடைய கல் வீட்டை விட்டு மர வீட்டில் ஏறி வீதிகளைச் சுற்றி வருகிறார். நோயாளியும் முதியோரும் இருந்த இடத்திலிருந்தே தரிசனம் செய்கிறார்கள். வீட்டுக்குச் சக்கரம் பூட்ட இதைவிட நல்ல காரணம் வேறு எந்த நாட்டாராவது கண்டுபிடித்திருக்கிறார்களா என்பது சந்தேகமே.

தேரின் அமைப்பைக் கவனித்தால் மோட்டார் வீட்டின் அமைப்பே தெரியும். அடியில் சக்கரங்கள், சக்கரங்களைக் கோக்கும் அச்சு, அச்சின் மேல் பெரிய உத்தரங்கள், உத்தரங்களின் மேல் அடுக்கடுக்காகச் சிற்பப் பலகைகள், அதற்கு மேல் ஸ்வாமி எழுந்தருளும் தட்டு. இவ்வளவும் நிரந்தரமானவை. தட்டுக்கு மேலே மூங்கிலும் சட்டமும் கொண்டு கட்டும் கோபுரம், தேர்ச் சீலை, தொங்கும் தொம்பைகள் எல்லாம் திருவிழாவுக்காக ஏறி, திருவிழா முடிந்ததும் இறங்குபவை. ஆகையால் வருஷம் முழுவதும் நின்று வெயிலையும் மழையையும் சமாளிக்க வேண்டியது அடிப்பாகந்தான். அதற்கென்றே வேங்கை, இலுப்பை, தேக்கு முதலிய வைரம் பாய்ந்த மரங்களைத் தேடி வாங்குகிறார்கள்.

கடைத்தெருவில் காப்பி சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது, மர வேலையில் தலை நரைத்த பெரியவர் ஒருவருடன் பேச்சுக் கொடுத்தோம்.

"ஐயா, இவ்வளவு பாரத்தோடு ஓடுகிறதே, அதனால்தானே தேர் கெட்டுப் போகிறது?" என்று கேட்டோம்.

பெரியவர் சிரித்தார். "ஓடுறதுனால தேர் கெடுறது இல்லைங்கய்யா, நிக்கிறதுனாலதான் கெடுது. வருஷத்திலே ஓடுறது ஒரு நாளோ ரெண்டு நாளோ. மிச்ச நாளெல்லாம் நிக்குதில்லே? நிக்கிற நாளைப் பாத்துக்கிட்டா ஓடுற நாள் தன்னைத் தானே பாத்துக்கும்" என்றார்.

"மரம் உள்ளே கெட்டிருப்பது எப்படித் தெரியும்?"

"கொட்டாப்புளியாலே தட்டிப் பாக்கணும். 'டங்'குன்னு கேட்டா மரம் நல்லாருக்கு. 'பொத்'துன்னு கேட்டா, வெளியிலே சிற்பம் எம்புட்டு அழகா இருந்தாலும் உள்ளே செல் அரிச்சிருச்சுன்னு அர்த்தம்."

பெரியவர் சொன்ன இந்த இரண்டு வாக்கியங்களுக்குள் தேருக்கும் மோட்டார் வீட்டுக்கும் வேண்டிய சாஸ்திரம் முழுவதும் அடங்கியிருக்கிறது.

மேலே மழை, கீழே மண்

பழைய மோட்டார் வீட்டின் முதல் சத்துரு தண்ணீர். கூரையில் காற்றுப் போக்கிக்காகவும் விளக்குக்காகவும் வெட்டிய துவாரங்களைச் சுற்றிப் பசை பூசியிருப்பார்கள். வெயிலில் அந்தப் பசை காய்ந்து வெடிக்கிறது. மயிரிழை வெடிப்புப் போதும். மழைத் தண்ணீர் உள்ளே இறங்கிவிடும். வெளியே அலுமினியத் தகடு பளபளவென்று இருக்கும். உள்ளே மரச் சட்டமும் ஒட்டுப் பலகையும் உளுத்துக்கொண்டிருக்கும். சுவரில் கறை தெரியும்போது வியாதி முற்றியிருக்கும். அதனால் அநுபவசாலிகள் மழைக்காலத்துக்கு முன் ஒரு முறையும் பின் ஒரு முறையும் கூரையில் ஏறிப் பார்க்கிறார்கள். உள்ளே சுவரைக் கையால் அழுத்தி, மிருதுவான இடம் உண்டா என்று தேடுகிறார்கள். புழுக்க நாற்றம் வந்தால் அசட்டை செய்வதில்லை. பழைய பசையைச் சுரண்டி எடுக்காமல் மேலே மேலே பூசுவது, அழுக்குத் தலையில் எண்ணெய் தடவுவது போல.

தேருக்கும் இதே ஆபத்துத்தான். மேலிருந்து மழை, கீழிருந்து செல். அதனால்தான் தேர் நிற்குமிடத்தில் கொட்டகை போடுகிறார்கள். கொட்டகையைப் பார்த்து, தேரின் அழகு மறைகிறதே என்று குறைப்படுகிறவர்கள் உண்டு. ஆனால் கூரையில்லாமல் நின்ற தேர்களின் சிற்பங்கள் என்ன ஆயின என்பதை அவர்கள் விசாரித்துப் பார்க்க வேண்டும். கொட்டகைக்குள்ளும் காற்று உலாவ வேண்டும். நான்கு பக்கமும் மூடிப் புழுங்க வைத்தால் மழையில் விட்டதைப் போலவே ஆகும்.

செப்பேடு என்பது உலோகம். யாரும் கவனியாமற் போனாலும் ஆயிரம் வருஷம் தாங்கிற்று. மரத்துக்கு அந்த வரம் கிடையாது. மரம் தாங்குவது, வருஷந்தோறும் அதைத் தட்டிப் பார்க்கிறவன் ஒருவன் இருக்கும் வரையில்தான்.

நிற்கும் சக்கரம்

மோட்டார் வண்டியை வாங்குகிறவர்கள் ரப்பர்ச் சக்கரத்தின் தேய்மானத்தைப் பார்க்கிறார்கள், வயதைப் பார்ப்பதில்லை. அதிகம் ஓடாத மோட்டார் வீட்டில் இது பெரிய தவறு. ரப்பர் ஓடாமலே முதுமை அடைகிறது. சக்கரத்தின் பக்கவாட்டில் நான்கு இலக்கங்கள் பொறித்திருக்கும். 2319 என்று இருந்தால், 2019-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரத்தில் செய்தது என்று பொருள். ஏழெட்டு வருஷம் ஆகிவிட்டால், வரிப்பள்ளங்கள் புதிதாகவே தோன்றினாலும், பக்கங்களில் வெடிப்பு இருக்கிறதா என்று நல்ல மெக்கானிக்கைக் கொண்டு பரிசோதிக்க வேண்டும். ஒரே இடத்தில் மாதக் கணக்கில் நின்றால் அழுந்திய பாகம் தட்டையாகிவிடும். ஆகையால் வண்டியைச் சிறிது நகர்த்தியாவது வைக்க வேண்டும். அல்லது பாரத்தைச் சக்கரத்திலிருந்து எடுத்துவிட வேண்டும்.

பாட்டரியும் அப்படியே. ஈய பாட்டரியைச் சக்தி தீர்ந்த நிலையில் பல நாள் போட்டுவைத்தால், உள்ளே தகடுகளில் உப்புப் படிந்து பிறகு உயிர் பெறுவதில்லை. பெட்ரோல் பழையதாகிப் பிசின் போல் படிகிறது. எலிகள் மின்சாரக் கம்பிகளைக் கடிக்கின்றன. அடுப்புக்கு வரும் காஸ் குழாய் முறுக்கேறி வெடிக்கிறது; சோப்பு நீரைத் தடவிக் குமிழி கிளம்புகிறதா என்று பார்த்த பிறகே அடுப்பை மூட்ட வேண்டும். இத்தனையும் ஓட்டத்தால் வந்த கேடுகள் அல்ல; நிலையால் வந்த கேடுகள். 'நிற்கிற நாளைப் பார்த்துக்கொள்' என்று பெரியவர் சொன்னாரே, அந்த வாக்கு மோட்டாருக்கும் பொருந்துகிறதல்லவா?

தேர்ச் சக்கரங்களின் கதை இதனினும் சுவையானது. பழங்காலத்தில் கனத்த மரத்தால் சக்கரம் செய்து இரும்புப் பட்டை போட்டார்கள். மரம் சுருங்கினால் பட்டை தளரும். பட்டை தளர்ந்தால் சக்கரம் பிளக்கும். பெரிய மரங்கள் அரிதாகிப் போனதும் பல ஊர்களில் தேர் நிலையை விட்டு நகரவேயில்லை. இந்தச் சமயத்தில் திருச்சியிலுள்ள 'பெல்' தொழிற்சாலை, மின்சார நிலையங்களுக்குக் கொதிகலன் செய்யும் நம் தேசத்தின் பொதுத்துறை ஆலை, தேர்களுக்கு இரும்புச் சக்கரமும் அச்சும் செய்துகொடுக்க முன்வந்தது. பல கோயில்களின் தேர்கள் மறுபடி ஓடின. திருவாரூர் ஆழித் தேர் 96 அடி உயரம், சுமார் 300 டன் எடை என்பார்கள். 1926-இல் தீக்கிரையாகி, புதிதாய்ச் செய்யப்பட்டு 1930-இல் ஓடி, 1948-க்குப் பின் பல ஆண்டுகள் நின்று, 1970-இல் மீண்டும் ஓடிய தேர் அது. அந்தத் தேரும் இன்று இரும்புச் சக்கரத்தில்தான் உருளுகிறது. 'ஹைட்ராலிக்' தடையும் அதற்கு உண்டு. சக்கரம் மாறியது, அச்சு மாறியது, தடை மாறியது. ஆனாலும் ஊராருக்கு அது அதே தேர்தான். பழையதைக் காப்பது என்பது எதையும் மாற்றாமலிருப்பது அல்ல. எதை மாற்றலாம், எதை மாற்றலாகாது என்று அறிந்திருப்பது.

முட்டுக்கட்டை

ஓட வைப்பதைவிட நிறுத்துவது கடினம். மேகமலையிலிருந்து இறங்கும் 18 வளைவுகளையும் பாரமான வண்டியில் பிரேக்கை மிதித்தவாறே இறங்குகிறவர், பிரேக்கை நெருப்பாய்க் காய்ச்சிவிடுவார். பிரேக் எண்ணெய் காற்றிலுள்ள ஈரத்தைக் குடிக்கும் சுபாவமுள்ளது. பழைய எண்ணெயில் சேர்ந்த அந்த ஈரம் உஷ்ணத்தில் ஆவியாகிவிட்டால், மிதித்த கால் வெறுமனே தளம் வரை இறங்கும், வண்டி நிற்காது. ஆகையால் இரண்டு வருஷத்துக்கு ஒரு முறை எண்ணெயை மாற்ற வேண்டும். இறக்கத்தில் தாழ்ந்த கியரில் எஞ்சினே வண்டியைப் பிடிக்கும்படி விட வேண்டும்.

தேருக்குப் பெரும்பாலும் முட்டுக்கட்டையே தடை, முட்டுக்கட்டையே சுக்கானும். உருளும் சக்கரத்துக்கு முன்னால் மரக்கட்டையைச் செருகி வேகத்தை அடக்குகிறார்கள். ஒரு பக்கம் தடுத்து மறு பக்கம் விட்டு வீதி மூலையில் திருப்புகிறார்கள். பேச்சு வழக்கில் 'முட்டுக்கட்டை போடுகிறவன்' என்று யாரையாவது ஏசுகிறோம். தேரோட்டத்தை ஒரு முறை அருகிலிருந்து பார்த்தால் அந்த வசை நம் வாயில் வராது. ஆயிரம் பேர் இழுக்கும்போது, சக்கரத்துக்கு ஒரு முழம் தூரத்தில் குனிந்து நின்று அத்தனை பேரையும் காப்பாற்றுகிறவன் அவனே.

அலட்சியத்தின் விலை என்னவென்பதை நாம் கண்டிருக்கிறோம். 2022 ஏப்ரல் 27-ஆம் தேதி தஞ்சாவூருக்கு அருகேயுள்ள களிமேட்டில், வீதி உலா வந்த தேர் உயர் அழுத்த மின்கம்பியில் பட்டு 11 பேர் மாண்டார்கள். 2024 ஜூன் 21-ஆம் தேதி திருநெல்வேலி நெல்லையப்பர் தேரோட்டத்தில் வடம் பல முறை அறுந்தது. தேரோட்டத்துக்கு முன் பொதுப்பணித் துறைப் பொறியாளர் தேரைப் பரிசோதித்துச் சான்று தருவதும், தேர் வரும் வீதியில் மின்சாரத்தை நிறுத்துவதும் வெறும் காகிதச் சடங்குகள் அல்ல. அச்சு, வடம், கம்பி இம்மூன்றையும் பார்க்காமல் தேரை நகர்த்துவது பக்தியாகாது.

வடம் யார் கையில்?

மரம் நன்றாயிருந்தும், சக்கரம் நன்றாயிருந்தும் தேர் ஓடாமல் நின்ற ஊர்களும் உண்டு. சிவகங்கைச் சீமையில் கண்டதேவித் தேர் வடத்தை எல்லாச் சமூகத்தாரும் சமமாகப் பிடிப்பதைப் பற்றி நெடுநாள் தகராறு இருந்தது. வழக்கு நீதிமன்றம் வரை சென்றது. 2006-க்குப் பிறகு ஓடாதிருந்த தேர், புதிதாய்ச் செய்யப்பட்டு, 2024 ஜூன் மாதத்திலே மறுபடி ஓடியது. மரத்தில் செல் அரித்தால் கொட்டாப்புளியால் தட்டிக் கண்டுபிடித்துவிடலாம். மனத்தில் அரித்தால் எந்த ஆசாரி வந்து பலகை மாற்றுவது? அந்தப் பழுதை ஊரார்தான் பார்க்க வேண்டும்.

மோட்டார் வீட்டுக்கு ஒரு சொந்தக்காரர் இருக்கிறார். கூரை ஒழுகினால் அவர் கட்டில்தான் நனையும். ஆகையால் கூரையில் ஏறுகிறார். தேருக்கு ஊரே சொந்தக்காரர். எல்லோருக்கும் சொந்தமான பொருளை 'யாராவது பார்த்துக்கொள்வார்கள்' என்று எல்லோரும் விட்டுவிடுவது உலக வழக்கம். சித்திரையில் வடம் பிடிக்க நெருக்கியடித்துக்கொண்டு வரும் கைகளில் பத்துக் கை, ஐப்பசி மழைக்கு முன் கொட்டகைக் கூரையைப் பார்க்க வந்தால் போதும்; செலவில் பெரும் பகுதி மிச்சமாகும், தேரும் பிழைக்கும். அதைவிட முக்கியமாக, தட்டிப் பார்த்து மரத்தின் பேச்சைக் கேட்கத் தெரிந்த பெரியவர்கள் இருக்கும்போதே, அவர்களுக்கு அருகில் நின்று கொட்டாப்புளியைப் பிடிக்க இளைஞர்கள் சிலர் வர வேண்டும். சக்கரத்தைத் திருச்சியில் வார்த்துக்கொள்ளலாம். அந்தக் காதை எந்தத் தொழிற்சாலையிலும் வார்க்க முடியாது.

கம்பம் பள்ளத்தாக்குக்குப் போகிற நேயர்கள், சொந்த மோட்டார் வீட்டில் போனாலும் சரி, சாதாரணப் பஸ்ஸில் போனாலும் சரி, சின்னமனூரில் சற்று இறங்க வேண்டும். சித்திரையாயிருந்தால் வடத்தைத் தொட்டு இழுக்கலாம். மற்ற மாதமாயிருந்தால் இன்னும் நல்லது: திருவிழாக் கூட்டம் இல்லாத நாளில் தேருக்கு அருகே சென்று, அது எப்படி நின்றுகொண்டிருக்கிறது என்று பார்க்கலாம்.